நடுவில் வைக்கும் ஜாடி

இசோகிச்சிக்குப் புத்தி கெட்டது ஃபுகுவோகா கடைத்தெருவில்தான். மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவன், சாப்பிட்டோமா, கை கழுவினோமா, பஸ் ஏறினோமா என்று வந்திருக்கலாம். வேடிக்கை பார்க்கப் போனான். ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் செய்த கிண்ணமே உட்கார்ந்திருந்தது. மண் பாண்டத்தில் பூசிச் சுட்டால் கண்ணாடியாக இறுகுமே மெருகு, அதில் தேன் நிறத்தின் மேல் வெள்ளையை ஒரே அகப்பையில் வீசி ஊற்றிய கிண்ணம். உதட்டருகில் வெள்ளை கொஞ்சம் இடது பக்கமாகச் சரிந்து இறங்கும். அது அவன் கைவாகு. உள்ளே போய் விற்பனைப் பெண்ணிடம் கேட்டான்.

"இது யார் செஞ்சதும்மா?"

அந்தப் பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்து எங்கள் ஊரின் பெயரைச் சொன்னாள்.

"ஊரு தெரியும்மா. ஆளு யாரு?"

"ஆளா? அங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வாங்களாம். நீங்க இந்த மாதிரிப் பொருளெல்லாம் வாங்கிப் பழக்கமில்லையா ஐயா?"

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைக்குள்ளும் கூடவே வந்திருந்த அவன் மனைவி மிசாவோ சோற்றுருண்டையை நீட்டினாள். அதையும் வாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன தப்பாச் சொல்லிருச்சு? ஊர் பேரத்தான சொன்னிச்சு?"

"என் கைய அது பாத்துச்சா? அந்தக் கிண்ணத்து ஒதட்டப் பாத்துச்சா?"

"கிண்ணத்துல சோறு திங்கிறவன் சோத்தப் பாப்பானா, ஒதட்டப் பாப்பானா? இந்தாங்க, தின்னுங்க."

எங்கள் ஊரில் யாரும் ஜாடிக்கு அடியில் பெயர் பொறிப்பதில்லை. மண் பொது. ஆற்றுத் தண்ணீரின் விசையில் ஏறி இறங்கி அந்த மண்ணை இடிக்கும் உலக்கைகள் பொது. மலைச்சரிவில் அறை அறையாக மேலேறும் சூளையும் பொது. இத்தனையும் பொதுவாக இருக்கும்போது பெயர் மட்டும் எதற்குத் தனியாக என்று முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாமலும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தால் என்ன, வழக்கம் என்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எங்கள் ஊரில் பெயர் நிலைத்திருக்கிறது. செம்பு ஹான்சோ. செத்துப் போய் எவ்வளவோ காலமாயிற்று. பச்சை மெருகில் செம்பு இருக்கிறது. தீ ஏறினால் அந்தச் செம்பு சும்மா இருக்காது. புகையாகக் கிளம்பி அடுத்தவன் ஜாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே செம்பு போட்ட பாண்டங்களை உச்சி அறையில், புகைபோக்கி ஓரமாக, தனியாகத்தான் வைக்க வேண்டும். ஹான்சோ அவற்றைக் கீழ் அறையில் ஒளித்து வைத்துப் பக்கத்து வீட்டு வெள்ளைத் தட்டுகளையெல்லாம் சிவப்புக் கறையாக்கிவிட்டார். அடுத்த சூளையில் அவருக்கு இடமில்லை என்று தண்டனை. அன்றிலிருந்து இன்றுவரை, அருமையாக ஜாடி செய்து செத்தவன் எவன் பெயரும் ஊரில் யாருக்கும் தெரியாது. ஹான்சோவின் பெயர் மட்டும் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

இசோகிச்சி கடைத்தெருக் காயத்தோடு திரிந்துகொண்டிருந்தபோதுதான் சூளைத் தலைவர் இவாதாரோ அந்தச் செய்தியைச் சொன்னார். டோக்கியோவிலிருந்து பேராசிரியர் ஒகுதேரா வருகிறாராம். நாட்டுக் கைவினை பற்றித் தடித்தடியாய்ப் புத்தகம் எழுதியவராம். இந்த முறை சூளை திறக்கும்போது கூடவே நின்று பார்த்து, ஒரே ஒரு ஜாடியைத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவாராம்.

"யார் ஜாடியா இருந்தா என்ன, ஊருக்குப் பெருமை," என்றார் இவாதாரோ. எல்லோரும் தலையாட்டினார்கள். இசோகிச்சியும் ஆட்டினான். அவன் மனசு ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிசாவோவிடம் சொன்னான். "பேரு பொறிக்கக் கூடாதுன்னுதான சட்டம்? பொறிக்க மாட்டேன். கோலமே பேரா இருக்கும். பாத்த ஒடனே இது இசோகிச்சி ஜாடின்னு சொல்ற மாதிரி ஒரு கோலம்."

"அது என்ன கோலம்?"

"தேன் மெருகு கீழ. வெள்ளை மெருகு மேல. ரெண்டுக்கும் நடுவுல பச்சை. நல்லாத் தடிமனா. தீ ஏறுறப்ப மேல இருக்கிற வெள்ளை வெடிச்சுப் பிரியும். உள்ள இருந்து பச்சை எட்டிப் பாக்கும். பைன் மரத்துப் பட்டை மாதிரி, செதில் செதிலா!"

"நடுவுலயா? அப்ப அது செம்பு ஜாடி. மேல் அறைக்குத்தான் போகணும்."

"மேல் அறைல தீ பத்தாது. வெள்ளை வெடிக்காது. மூணாவது அறைதான் சரி."

"ஹான்சோ தாத்தா எந்த அறைன்னு சொன்னாரு?"

இசோகிச்சி மெருகுத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். சூளைக்குப் போகும்முன் எல்லா மெருகும் காய்ந்த சேறு மாதிரிதான் இருக்கும். எது தேன், எது பச்சை என்று பார்த்துச் சொல்ல ஆகாது. அதிலும் மேலே வெள்ளையைப் பூசிவிட்டால், நடுவில் என்ன இருக்கிறதென்று சூளைச் சாமிக்கே தெரியாது. இந்தத் தைரியத்தில்தான் எங்கள் ஆள் இறங்கினான்.

ஜாடியைத் தலைகீழாகப் பிடித்துத் தேன் மெருகில் முக்கி எடுத்தான். காய்ந்தது. தூரிகையால் பச்சையை அப்பினான். ஒரு பூச்சோடு நிறுத்தியிருக்க வேண்டும். அருங்காட்சியகம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இன்னொரு பூச்சு பூசினான். கடைசியில் வெள்ளையை ஊற்றியபோது, ஜாடி குளிர்காலத்துக்கு உடுத்திய கிழவர் போல உப்பியிருந்தது. மிசாவோ வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, மூணு போர்வை? உள்ள ஜாடி உசுரோட இருக்கா?"

"ஒனக்கு ஒன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். கீழ வழிஞ்சா சூளைப் பலகைல ஒட்டிக்கும்கிறது மட்டும் தெரியும்."

சூளை அடுக்கும் நாளில் மூன்றாவது அறையில் இசோகிச்சிக்குப் பக்கத்து இடம் குமாஹேய்க்கு விழுந்தது. குமாஹேய் இவனைவிடக் கொஞ்சம் மூத்தவர். வாழ்நாள் முழுக்க ஒரே ஜாடி, ஒரே அகப்பை, ஒரே வீச்சு. ஷோச்சூ சாராயம் குடித்த நாளில் வீச்சு கொஞ்சம் நீளும், குடிக்காத நாளில் குறையும். கலையில் அவருக்கு இருந்த மாற்றமெல்லாம் அவ்வளவுதான்.

"டேய் இசோ, ஜாடி கனமா இருக்கே. கல்லு கில்லு உள்ள போட்டிருக்கியா?"

"மண்ணு நல்ல மண்ணு அண்ணே."

"எல்லாருக்கும் ஒரே மண்ணுதானடா!" என்று சிரித்துவிட்டு, தன் வெள்ளை ஜாடியை அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தார் குமாஹேய்.

சூளை எரிந்து ஆறியது. பேராசிரியர் ஒகுதேரா வந்து இறங்கினார். எங்கள் ஊரில் எல்லோரும் அவருக்காகக் கோட்டுப் போட்டு நின்றார்கள். அவரோ கையால் நெய்த முரட்டுத் துணியில் சட்டையும், மரக் கட்டைச் செருப்பும், தலையில் கட்டிய துண்டுமாக வந்தார். எங்களில் யார் குயவன் என்று அந்நியன் ஒருவன் வந்து பார்த்திருந்தால் அவரைத்தான் காட்டியிருப்பான்.

மூன்றாவது அறையின் வாயைப் பிரித்தார்கள். இசோகிச்சி முண்டியடித்து முன்னால் நின்றான். தன் ஜாடியைப் பார்த்தான். பைன் பட்டையையும் காணோம், செதிலையும் காணோம். மூன்று மெருகும் சேர்ந்து தோளிலிருந்து வழுக்கி, பொங்கிய பால் மாதிரி கொப்புளம் கொப்புளமாக இறங்கி, அடியில் பச்சைக் குட்டையாகத் தேங்கி, பலகையோடு பலகையாக ஜாடியை ஒட்டிவைத்திருந்தது. மேல்பாதி மொட்டையாக நின்றது. இவாதாரோ உளியும் சுத்தியலும் கொண்டுவந்து பெயர்த்தெடுக்கும்போது அந்தப் பச்சையைப் பார்த்தார். இசோகிச்சியின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் உளியை வைத்தார். மிசாவோ ஓடி வந்து ஒரு வைக்கோல் சாக்கை எடுத்து ஜாடியின் மேல் போட்டாள்.

அப்போதுதான் பேராசிரியர் "ஆ!" என்றார்.

குமாஹேயின் ஜாடி. எப்போதும் போல வெள்ளை. ஆனால் ஒரு பக்கம், சரியாக இசோகிச்சியின் ஜாடியைப் பார்த்து நின்ற பக்கம், வெள்ளைக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு கசிந்து படர்ந்திருந்தது. ஓரத்தில் மங்கி, நடுவில் பழுத்து. பழித்துப் பேச வந்த என்னால்கூட அதைப் பழிக்க முடியாது. அழகென்றால் அப்படியொரு அழகு.

"விடியற்காலை," என்றார் பேராசிரியர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத எப்படிச் செஞ்சீங்க?"

குமாஹேய் தலையைச் சொறிந்தார். "ஊத்தினேன்."

"எப்படி ஊத்தினீங்க?"

"அகப்பையால."

பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க! தான் என்ன செஞ்சோம்னே இவருக்குத் தெரியல! இதுதான், இதுதான்!" குமாஹேய்க்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பதால் அவரும் பணிவாகக் குனிந்து ஆமோதித்தார்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்ததென்று இசோகிச்சிக்குத் தெரியும். அவன் செம்பு. அவன் தடித்தடியாய் அப்பிய பச்சை. வாயைத் திறந்து சொன்னால் திருட்டு வெளியே வரும், அடுத்த சூளையில் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் அவன் விடியற்காலை குமாஹேயின் முதுகில் ஏறி டோக்கியோவுக்குப் போய்விடும். பகல் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அதற்கே அவனைப் பாராட்டலாம்.

சாயங்காலம் இவாதாரோ வீட்டில் விருந்து. ஆற்று மீன் சுட்டது, காளான் குழம்பு, கேட்கக் கேட்க ஷோச்சூ. பேராசிரியர் பேசினார்.

"பேர் இல்லாத கை! அதுதான் உங்க பெருமை. 'நான்'ங்கிற நெனப்பு வந்த அன்னைக்கே களிமண்ணு செத்துப் போகுது. இந்த ஜாடிய யார் செஞ்சதுன்னு அருங்காட்சியகத்துல எழுத மாட்டோம். எழுதினா அது இந்த ஜாடிக்கு அவமானம்."

எல்லோரும் தலை குனிந்து வணங்கினார்கள். ஜாடியை வைக்க மரப்பெட்டி வந்தது. பேராசிரியர் தூரிகை கேட்டார், மை கேட்டார். பெட்டியின் மூடியில் 'விடியற்காலை' என்று எழுதினார். அதன் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, தன் பெயரை எழுதினார். மடியிலிருந்து முத்திரையை எடுத்துச் சிவப்பாக ஒன்று குத்தினார்.

இசோகிச்சி எட்டிப் பார்த்தான். "ஐயா, அது யாரு பேரு?"

"எம் பேருதான்."

"பேரு வேண்டாம்னு சொன்னீங்களே?"

"செஞ்சவன் பேருதானப்பா வேண்டாம். நான் செஞ்சவன் இல்லையே. பாத்தவன்."

அங்கேதான் இசோகிச்சியின் பொறுமை உடைந்தது. எழுந்து நின்றுவிட்டான்.

"அந்தச் செவப்பு என்னோடது! நான் செம்பு வச்சேன்! தேனுக்கும் வெள்ளைக்கும் நடுவுல, தடிமனா, திருட்டுத்தனமா வச்சேன்! அதோட புகைதான் அண்ணன் ஜாடில ஏறிருக்கு. அந்த விடியக்காலைய வரவழைச்சது நான்!"

விருந்து அப்படியே நின்றது. மீனைக் கடித்தவன் கடித்தபடி இருந்தான். இவாதாரோ மெதுவாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இசோகிச்சிக்கு ஷோச்சூ ஒத்துக்கல."

"நான் இன்னும் குடிக்கவே இல்ல தலைவரே!"

"அதான் ஒத்துக்கல. அவனுக்கு ஊத்துங்கப்பா."

"விடுங்க, பாவம்," என்றார் குமாஹேய், நல்ல மனசோடு. "அவன் ஜாடி வீணாப் போச்சு. அந்த வயித்தெரிச்சல்ல என்னமோ பேசுறான். டேய் இசோ, என் பக்கத்துல வந்து ஒக்காரு. என் ஜாடிய ஒன் ஜாடியா நெனச்சுக்கோடா."

உலகத்தில் எந்தத் திட்டும் இசோகிச்சியை அந்த இரக்கம் அளவுக்குக் குத்தியிருக்காது. ஆனால் பேராசிரியர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். அடுத்த ஜாடியோட செம்புப் புகையா?" அவர் கண் பளிச்சிட்டது. இசோகிச்சிக்கு உயிர் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"அப்ப இத ஒருத்தர் செய்யவே இல்ல! ஒருத்தரோட தப்பு, இன்னொருத்தரோட அறியாமை, நடுவுல நெருப்பு! ஆளே இல்லாத கலை! நான் இத்தன வருஷமா தொண்டை கிழியச் சொல்லிட்டு வர்றது இதத்தான்!" தூரிகையை மறுபடியும் எடுத்து மூடியில் இன்னொரு வரி சேர்த்தார். இன்னொரு முத்திரையும் குத்தினார்.

காலையில் பெட்டி போய்விட்டது.

அடுத்த சூளைக்கு இடம் பிரிக்க ஊர் கூடியபோது இசோகிச்சி கூட்டத்தின் நடுவில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான். அவன் கணக்கு இதுதான்: பெருமையில் பெயர் கிடைக்கவில்லை, தண்டனையிலாவது கிடைக்கட்டும். ஹான்சோவுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காதா?

"எனக்குத் தண்டனை குடுங்க. பொதுச் சூளைல செம்பு வச்சேன்."

"யாரு பாத்தா?" என்றார் இவாதாரோ.

"நீங்க பாத்தீங்க தலைவரே! உளி வச்சுப் பேத்தெடுத்ததே நீங்கதான! பச்சையா வழிஞ்சு கெடந்துச்சே!"

"எனக்குக் கண்ணுல புரை."

"மிசாவோ! நீயாவது சொல்லு. சாக்கு போட்டு மூடுனியே!"

மிசாவோ கூட்டத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "குளுரா இருந்துச்சு. போட்டேன்," என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். இவாதாரோ குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு இசோ. ஒனக்குத் தண்டனை குடுத்தா, அருங்காட்சியகத்துல இருக்கிறது தப்பு ஜாடின்னு ஆயிரும். நம்ம ஊரு கறையத் தூக்கி டோக்கியோல வச்சுக் கும்புடுறாங்கன்னு ஆயிரும். அதனால யாரும் எந்தத் தப்பும் பண்ணல. அது ஒன்னு. ரெண்டாவது, பேராசிரியர் போன் பண்ணாரு. விடியக்காலை இன்னும் வேணுமாம். எவ்ளோ குடுத்தாலும் எடுத்துக்குவாங்களாம்."

"அப்ப..." என்று நிமிர்ந்தான் இசோகிச்சி.

"அப்ப இனிமே அறைக்கு ஒரு செம்பு ஜாடி. நட்ட நடுவுல. சுத்தி எங்க எல்லார் வெள்ளை ஜாடியும். அந்தச் செம்பு ஜாடி ஒம் பொறுப்பு. அந்த மாதிரித் தடிமனா அப்புறதுக்கு ஒன்ன விட்டா ஊர்ல யாரு இருக்கா?"

"சூளைக்கே நடு எடம்டா ஒனக்கு!" என்று முதுகில் தட்டினார் குமாஹேய்.

"எரிஞ்ச பெறகு என் ஜாடிய என்ன பண்ணுவீங்க?"

"பலகைல ஒட்டிக்கிட்டு வருமே அத என்ன பண்றது? பேத்து, ஒடச்சு, குப்பை மேட்டுல கொட்டுறதுதான்."

இசோகிச்சி, கேட்காமல் விட மனசு வராமல், கேட்டான். "எம் பேரு?"

இவாதாரோ யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அநியாயம் சொல்லக் கூடாது. "ஒடைக்கிற ஜாடிதான? தாராளமா எழுதிக்கோ. வழக்கத்துல அதுக்குத் தடை இல்ல."

இசோகிச்சி எழுதினான். ஒவ்வொரு ஜாடியின் அடியிலும், மண் ஈரமாக இருக்கும்போதே, ஆணியால் ஆழமாக. அடுத்த சூளை திறந்தபோது அறைக்கு அறை விடியற்காலையாக விடிந்திருந்தது. பெண்கள் கைதட்டினார்கள். இவாதாரோ நடு ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, "இசோகிச்சி," என்று உரக்கப் படித்துவிட்டுச் சுத்தியலால் அடித்தார். புரை விழுந்த கண்ணுக்கு எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"கையெழுத்து நல்லாருக்குடா," என்றார் குமாஹேய்.

மிசாவோ குப்பை மேட்டில் குனிந்து பெயர் முழுசாக இருந்த ஒரு துண்டைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்து வந்தாள். அவள் ஊறுகாய்த் தொட்டி வெகுநாளாக ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. துண்டை அதன் அடியில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"என்னங்க, பேரு மேல இருக்கட்டுமா, கீழ இருக்கட்டுமா?"

இசோகிச்சி பச்சை மெருகு கரைத்துக்கொண்டிருந்தான். அடுத்த சூளைக்கு இன்னும் கூடுதல் ஜாடி கேட்டிருக்கிறார்கள்.

"கீழ," என்றான். "அதுதான வழக்கம்."